வீட்டுக்குள் குரோட்டன்ஸ்: வண்ணம் மங்காமல் வளர்ப்பதும் விற்பதும்

நம் ஊர்களில் வேலியோரத்திலும் வாசல் ஓரத்திலும் நின்ற குரோட்டன்ஸ் செடி இன்று தொட்டியில் ஏறி வீட்டுக் கூடத்துக்கும் அலுவலக அறைக்கும் வந்துவிட்டது. நகரத்தில் மாடி வீடுகள் பெருகப் பெருக, தோட்டம் போட இடமில்லாதவர்கள் நான்கு தொட்டியாவது வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். பூ இல்லாமலேயே பூவைப்போல் நிறம் காட்டும் செடி என்பதால் குரோட்டன்ஸுக்கு வரவேற்பு உண்டு. கிணற்றடியிலும் தென்னை நிழலிலும் சிறிது இடம் உள்ள சிறு விவசாயக் குடும்பத்துக்கு இது நல்ல உபதொழில்.

ஆனால் இத்தொழிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. பண்ணையில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற செடி, வாங்கியவர் வீட்டுக்குப் போன பத்து நாளில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது. "செடியில் ஏதோ கோளாறு" என்று வாங்கியவர் நினைக்கிறார். மறுமுறை அவர் அந்தப் பண்ணைப் பக்கம் வருவதில்லை. தன் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவிடுகிறார். நூறு தொட்டி விற்று இருபது தொட்டி இப்படி வாடினால், நஷ்டம் இருபது செடியோடு நிற்காது; இருபது வீட்டு வாடிக்கையே போகிறது. ஆகவே வீட்டுக்குள் இந்தச் செடி எப்படிப் பிழைக்கிறது என்பதை, வாங்குகிறவரைவிட வளர்த்து விற்கிறவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆமணக்கின் உறவு

குரோட்டன்ஸ் நம் நாட்டுச் செடி அன்று. இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகள், மலேசியா, வட ஆஸ்திரேலியா, மேற்குப் பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காடுகளே இதன் பிறப்பிடம். 1753-ம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதைக் 'குரோட்டன்' இனத்தில் சேர்த்துப் பெயரிட்டார். பிறகு இது வேறு இனம் என்று கண்டு 'கோடியம்' என்ற பெயரில் பிரித்துவிட்டனர். இருந்தும் பழைய பெயரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. உண்மையான குரோட்டன் இனத்தைச் சேர்ந்தது, நாட்டு வைத்தியர்கள் பேதிக்குக் கையாளும் நேர்வாளம்.

நேர்வாளம், ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், குரோட்டன்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். ஒடித்தால் பால் வடிவது இக்குடும்பச் செடிகள் பலவற்றின் குணம். இந்த உறவை நினைவில் வைத்தால், குரோட்டன்ஸுக்குத் தேங்கிய நீர் ஏன் ஆகாது, கடுங்குளிர் ஏன் ஆகாது என்பது மரவள்ளி பயிரிட்ட விவசாயிக்குச் சட்டென விளங்கும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

இலையில் மூன்று வகை நிறப்பொருள்கள் உள்ளன. பச்சை நிறம் தருவது பச்சையம். மஞ்சளும் ஆரஞ்சும் தருவது, காரட்டில் இருப்பதைப் போன்ற கரோட்டின் வகைப் பொருள்கள். சிவப்பும் ஊதாவும் தருவது ஆந்தோசயனின். குருத்து இலை பெரும்பாலும் பச்சையாகவோ மஞ்சளாகவோ வெளிவந்து, முதிர முதிரச் சிவப்பேறும். ஆகவே ஒரே செடியில் மேல் இலை ஒரு நிறமும் கீழ் இலை ஒரு நிறமுமாக இருப்பது இயல்பே; நோயல்ல.

சிவப்பு நிறப்பொருள் உண்டாவதற்கு நல்ல வெளிச்சம் தேவை. வெளிச்சம் குறைந்தால் செடி கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடித்து உணவாக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் இருட்டு மூலையில் வைத்த செடியின் புதிய இலைகள் வெறும் பச்சையாக வருகின்றன. உரம் போட்டால் நிறம் திரும்பும் என்று எண்ணிச் சிலர் தழைச்சத்தை மேலும் மேலும் இடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் பச்சைதான் கூடும். மங்கிய செடிக்கு மருந்து வெளிச்சமே.

எந்த ரகம்?

குரோட்டன்ஸில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு. அகன்ற இலையில் நரம்புகள் மஞ்சளாக ஓடி, பின்னர் செந்நிறமாக மாறும் 'பெட்ரா' சந்தையில் அதிகம் கேட்கப்படும் ரகங்களில் ஒன்று. குறுகிய இலை முறுக்கிக்கொண்டு சிவந்து நிற்பது 'மாமி'. பச்சை இலையில் மஞ்சள் பொடி தூவியதுபோல் புள்ளி விழுந்திருப்பது 'கோல்டு டஸ்ட்'. சிவப்பு மிகுந்த ரகங்களைவிட இந்தப் புள்ளி ரகம் ஓரளவு குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும். வாங்குபவர் வீட்டில் வெயில் விழும் ஜன்னல் உண்டா என்று கேட்டு, அதற்கேற்ற ரகத்தைக் கொடுப்பது நல்லது.

பதியன் போடும் முறை

விதையிலிருந்து வரும் கன்றுகள் தாயைப் போல் இருப்பதில்லை. புதிய ரகம் உண்டாக்குகிறவர்களுக்குத்தான் விதை பயன்படும். விற்பனைக்கு விண்பதியனும் குச்சி நடவுமே ஏற்றவை. தனி இலையை மட்டும் பறித்து நட்டால் வேர் விடும். ஆனால் மொட்டு இல்லாததால் அது ஒருநாளும் செடியாகாது.

விண்பதியனுக்குப் பென்சில் கனமுள்ள, நன்கு நிறம் ஏறிய கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனியிலிருந்து சுமார் ஓர் அடி கீழே, முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுக்க வேண்டும். வடியும் பாலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கட்டையின் மேல் வழவழப்பாக இருக்கும் படலத்தைக் கத்தியின் பின்புறத்தால் சுரண்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும். மேல் உதட்டில் வேர் ஊக்கிப் பொடியைச் சிறிது தடவலாம். பின்னர், நனைத்துப் பிழிந்த பாசியையோ தேங்காய் நார்க் கழிவையோ ஒரு பிடி வைத்துப் பாலிதீன் தாளால் சுற்றி, இரு முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும்.

இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகவே கீழே இறங்குகிறது. வழி அடைபட்டதும் அது வளையத்தின் மேல் விளிம்பில் தங்கி அங்கே வேர் கிளம்புகிறது. நான்கு முதல் ஆறு வாரத்தில் பாலிதீன் வழியே வெண்வேர் தெரியும். வேர் நன்றாகப் பின்னிய பிறகே, கட்டுக்குக் கீழே வெட்டிப் பையில் நட வேண்டும். காற்றில் ஈரம் உள்ள மழைக்காலம் இதற்குச் சிறந்தது.

குச்சி நடவுக்கு நுனிக் கிளைகளை நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில் வெட்டி, மேலே மூன்று நான்கு இலைகளை மட்டும் விட வேண்டும். பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டால் நீர் ஆவியாவது குறையும். வெட்டு முனையைத் தண்ணீரில் நனைத்துப் பால் வடிவதை நிறுத்தி, ஆற்று மணலில் நட்டுப் பாலிதீன் தாளால் மூடி நிழலில் வைக்க வேண்டும். மணல் நனைந்திருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது.

மண் கலவை

செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு கலந்தால் போதும். கரிசல் மண்ணைத் தனியாகத் தொட்டியில் இடக் கூடாது. அது நீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகச் செய்யும். தொலைவிடங்களுக்கு அனுப்பும் செடிக்கு மணலைக் குறைத்துத் தேங்காய் நார்க் கழிவைச் சேர்த்தால் சுமை குறையும். தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி, அதன்மேல் ஒரு பிடி சரளை போட்ட பின் கலவையை இட வேண்டும். தொட்டி வாயிலிருந்து ஓர் அங்குலம் காலியாக விட்டால்தான் நீர் ஊற்ற இடமிருக்கும்.

நிழலுக்குப் பழக்குதல்

பண்ணையாளர் பலர் விட்டுவிடும் வேலை இதுதான். முழு வெயிலில் வளர்ந்த இலை, அந்த வெளிச்சத்துக்கே அமைந்த இலை. அதைத் திடீரென்று வீட்டுக்குள் கொண்டுபோனால் தன் செலவுக்கு வேண்டிய உணவையே அதனால் தயாரிக்க முடியாது. பயன்படாத இலைகளைச் செடி தானே உதிர்த்துவிடுகிறது. செடிக்கு நோய் வந்துவிட்டது என்று வாங்கியவர் பதறுவது இந்த உதிர்வைப் பார்த்துத்தான்.

ஆகவே விற்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே செடியை வெயிலிலிருந்து எடுத்து, 50 சதவீத நிழல்வலையின் கீழோ தென்னந்தோப்பின் கீற்று நிழலிலோ வைக்க வேண்டும். அதன்பின் இரண்டு வாரம் தாழ்வாரம் போன்ற இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. இந்தக் காலத்தில் தழைச்சத்தை நிறுத்தி, தண்ணீரையும் சற்றுக் குறைக்க வேண்டும். உதிர வேண்டிய இலைகள் பண்ணையிலேயே உதிர்ந்து, நிழலுக்குப் பழகிய இலைகள் தோன்றும். வெயிலில் நின்ற செடியைவிட நிறம் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியலாம். ஆனால் அந்த நிறம் வாங்கியவர் வீட்டிலும் நிலைக்கும். இப்படிப் பழக்கிய செடிக்குச் சற்றுக் கூடுதல் விலை சொல்வதும் நியாயமே.

வீட்டில் வைக்கும் இடம்

கிழக்கு ஜன்னல் ஓரம் மிகப் பொருத்தம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்தால் நிறம் குறையாது. தெற்கு, மேற்கு ஜன்னலானால் உச்சி வெயில் கண்ணாடி வழியே சுடாதபடி மெல்லிய திரை வேண்டும். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடியாத மூலையில் குரோட்டன்ஸ் வைக்கக் கூடாது. தொட்டியை வாரம் ஒருமுறை சிறிது திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளரும். ஆனால் இன்று கூடம், நாளை படுக்கை அறை, மறுநாள் மாடி என்று தினம் இடம் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் செடி சில இலைகளை உதிர்க்கும்.

கடற்கரை ஊர்களின் ஈரக் காற்று இதற்கு உகந்தது. கரூர், திருச்சி போன்ற உள்மாவட்டங்களில் சித்திரை, வைகாசி வறட்டுக் காற்றில் இலை ஓரம் கருகும். தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைத்தால் செடியைச் சுற்றி ஈரம் இருக்கும். தொட்டியின் அடி நீரில் படக் கூடாது. குளிர்சாதன இயந்திரத்தின் காற்று நேரே படும் இடமும் ஆகாது. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெப்பம் இறங்கினால் வளர்ச்சி நிற்கும். மேலும் குளிர்ந்தால் இலை உதிரும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு இது ஏற்ற செடியன்று என்பதை விற்பவரே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரும் உரமும்

வீட்டுக்குள் சாகும் செடிகளில் பல, தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் மிகுந்தே சாகின்றன. மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், மழை நாளில் வாரம் ஒருமுறையும் தேவைப்படலாம். ஆனால் கணக்கு விரலிடம் இருக்க வேண்டுமே தவிர நாள்காட்டியிடம் அல்ல. காலையில் இலை தொங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் அது நீர்த்தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, அழுகும் வேருக்கு மேலும் நீர் ஊற்றுவதால்தான் செடி போய்விடுகிறது.

இலையில் தூசி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலையின் இரு பக்கமும் துடைக்க வேண்டும். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது தவறு. இலையின் சுவாசத் துளைகள் அடைபடும்.

உரம் அதிகம் வேண்டாம். வளர்ச்சிக் காலத்தில் மாதம் ஒருமுறை, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து ஈர மண்ணில் ஊற்றலாம். பண்ணையில் கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றலாம். வீட்டுக்குள் இது நாற்றம் அடிக்கும் என்பதால் வீட்டுக்காரருக்கு மக்கிய மண்புழு உரத்தைச் சிபாரிசு செய்யலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் போதும்.

இலை கொட்டினால்

இலை எல்லாம் கொட்டிய செடியை உடனே குப்பையில் எறிய வேண்டியதில்லை. தண்டில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். பச்சை இருக்கும்வரை உயிர் இருக்கிறது. அதை வெளிச்சமான நிழலில் வைத்து, இலையில்லாச் செடி குடிக்கும் நீர் குறைவு என்பதால் தண்ணீரையும் குறைத்து, உரமே இடாமல் விட்டால் சில வாரங்களில் மொட்டு வெடிக்கும். காய்ந்த நுனியை மட்டும் பச்சை தெரியும் இடம் வரை கத்தரிக்கலாம். அலுவலகங்களுக்குத் தொட்டிகளை மாத வாடகைக்கு விடுபவர்கள் இரண்டு தொகுதிச் செடி வைத்துக்கொண்டு, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றொன்றை நிழல்வலையில் தேற்றினால் செடி இழப்பு குறையும்.

பூச்சிகளும் ஒரு பெரிய எச்சரிக்கையும்

வீட்டுக்குள் குரோட்டன்ஸை அதிகம் தாக்குபவை மாவுப்பூச்சி, செதில்பூச்சி, சிவப்புச் சிலந்தி ஆகியவை. இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது மாவுப்பூச்சி. சில பூச்சிகளே இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். மிகுந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் செடியை வெளியே வைத்துத் தெளித்து, வாரம் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். வறண்ட அறையில் இலை வெளிறி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்புறத்தை நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெருமளவு போய்விடும். குடியிருக்கும் அறையில் வயல் மருந்துகளைத் தெளிக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து பண்ணையாளரின் சொந்த வயலுக்கே உண்டு. அழகுச் செடிகள் ஆந்திராவின் கடியம் போன்ற நாற்றுப்பண்ணைப் பகுதிகளிலிருந்து லாரி லாரியாக ஊர் விட்டு ஊர் போகின்றன. செடியோடு பூச்சியும் போகிறது. 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று பரவியது. மருந்தால் அடங்காத அதை, 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்கின. 2020-ல் வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் மரவள்ளியில் காணப்பட்டு, சேலம், நாமக்கல் பகுதிகளையும் எட்டியது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி கொண்டுவந்து 2022-ல் விட வேண்டியிருந்தது.

ஆகவே வெளியிலிருந்து வாங்கும் எந்தத் தாய்ச்செடியையும் நேரே பண்ணைக்குள் சேர்க்கக் கூடாது. மரவள்ளி, பப்பாளி, மல்பெரி வயலிலிருந்து தள்ளி, தனியிடத்தில் மூன்று வாரம் வைத்துக் காம்பு இடுக்கையும் இலை அடியையும் வேர் மண்ணையும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். எறும்பு சாரை சாரையாக ஏறும் செடியில் மாவுப்பூச்சி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். நான்கு தொட்டி விற்று வரும் காசுக்காக நான்கு ஏக்கர் மரவள்ளியைப் பலி கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பால் படாமல் வேலை

குரோட்டன்ஸ் பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். தினமும் பதியன் போடுகிறவர்கள் கையுறை அணிவது நல்லது. கண்ணில் பட்டால் உடனே நல்ல நீரால் நன்றாகக் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். துணியில் பட்ட கறை போகாது. இலையையோ பட்டையையோ மென்றால் வாய் எரியும், வயிறு கலங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்கவும், கழித்த கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாமல் இருக்கவும் வேண்டும்.

விற்கும்போது சொல்ல வேண்டியவை

ஒரு தொட்டியோடு ஐந்து வார்த்தைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் ஓரம் வையுங்கள். விரல் வைத்துப் பார்த்து நீர் ஊற்றுங்கள். தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். முதல் மாதம் நான்கு இலை உதிர்ந்தால் பயப்படாதீர்கள். பாலைத் தொட்டால் கை கழுவுங்கள். இவற்றைத் தமிழில் அச்சடித்த சிறு சீட்டாகத் தொட்டியில் செருகிவிட்டால் செலவு சில காசுதான்.

தொடங்க விரும்பும் குடும்பம் முதலிலேயே நிழல்வலைக் கூடாரம் போட்டுக் கடன்பட வேண்டியதில்லை. நல்ல ரகத்தில் பத்துத் தாய்ச்செடி, தென்னை நிழல், ஒரு வண்டி செம்மண், மக்கிய எரு ஆகியவை போதும். முதல் ஆண்டில் கிடைக்கும் பதியன்களில் பாதியைத் தாய்ச்செடியாகவே நிறுத்திக்கொண்டு, மீதியை நிழலுக்குப் பழக்கி விற்றுப் பார்க்கலாம். வாங்கிய வீட்டில் செடி ஓராண்டு நிறம் மாறாமல் நின்றால், அந்த வீட்டுக்காரரே அடுத்த வாடிக்கையை அழைத்து வருவார்.